படகுக்காரரிடம் சொன்ன ‘வாரேன்’

மகள் வாங்கி வந்த ரப்பர் பூட்ஸ் கூடத்தில் நிற்கிறது. அந்தப் புது ரப்பர் வாசனை மூக்கில் ஏறியதும் பிரெஞ்சு கயானாவின் செஞ்சேறு நினைவுக்கு வந்துவிட்டது. உலகத்தில் இத்தனை ஊர் இருக்க, அவளுக்கு நான் இருந்த அதே ஆற்றங்கரை ஊரில்தான் வேலை கிடைத்திருக்கிறது. ஆற்றுநீரைச் சோதிக்கிற வேலை.

எனக்கு அந்த ஊரைக் கண்டாலே ஆகாது. கல்யாணத்துக்கு முன்னால், கோயமுத்தூர் பம்புசெட்டுகளோடு என்னையும் பெட்டியில் வைத்து ஆணியடித்ததுபோல அங்கே அனுப்பினார்கள். அக்கரை நெல்வயல்களில் மோட்டார் மாட்ட வேண்டும். தகரக்கூரை, ஓயாத மழை, சட்டைப்பைக்குள்கூடப் பூஞ்சணம். ரொட்டிக்கடை அம்மாள், முதலில் வணக்கம் சொல்லாதவனுக்கு ரொட்டி தர மாட்டாள். ‘ஏனுங்க’ என்று கூப்பிட்டே வளர்ந்தவன் அங்கே மரியாதை தெரியாதவன் ஆனேன்.

சிரித்த முகம் படகுக்காரர் ஒருவருக்குத்தான். காலையில் என்னை அக்கரையில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார். மாலையில் என்னைக் கூட்டிப்போகப் பாலம் சுற்றி ஜீப் வரும். ஒருநாள் இறங்கும்போது சும்மா போகாமல், அகராதி பார்த்து வைத்திருந்த ‘வாரேனுங்க’வைப் பிரெஞ்சில் சொன்னேன். நீங்களே சொல்லுங்கள், கிளம்பும்போது ‘போறேன்’ என்று நம் பக்கத்தில் யார் சொல்வார்கள்? அவர் தலையாட்டினார். சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு, இதோ வந்துவிடுவான் என்று அங்கேயே காத்திருந்தார். மதியம் பெருமழை. வெள்ளத்தில் மிதந்துவந்த மரம் படகை நொறுக்கியது. அவர் காலையும்.

மறுநாள் என்னை எந்தப் படகும் ஏற்றவில்லை. ‘பொய்யன்’ என்ற பிரெஞ்சுச் சொல்லை அகராதி இல்லாமலே கற்றுக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு வார்த்தை விளக்கியிருக்கலாம். போகவில்லை.

வீட்டிலும் இதைச் சொன்னதில்லை. மலேரியா, கொசு என்றே மகளைப் பயமுறுத்திக்கொண்டிருந்தேன்.

“ஏனுங்கப்பா, அந்த ஊர்ல மனுசங்களே இல்லீங்களா? கொசு மட்டுந்தானா?” என்று கேலி செய்தாள்.

அங்கே போய் யார் வாயாலாவது கேட்டுவிடுவாளோ என்ற பயத்தில், நேற்று நானே சொல்லிவிட்டேன். அவள் சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு போனில் ஊர்ப்படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். படகுத்துறை இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. ஒழிந்தது சனியன் என்றுதான் முதலில் தோன்றியது.

“அவரு பேரு என்னங்கப்பா? இருந்தாருன்னா நானு போயிப் பாத்துப்போட்டுச் சொல்றேனுங்க.”

மூன்று மாதம் தினமும் என்னை ஏற்றிப்போனவர். வாயைத் திறந்தேன். பேர் வரவில்லை.