செல்லியம்மாள் குறைத்த ஊசி

ராஜகீழ்ப்பாக்கத்தில் பொன்னுரங்கத்தை ஏமாற்றியவன் என்று ஒருவனைக் காட்ட முடியாது. வயல்களெல்லாம் மனைகளாகிக்கொண்டிருந்த எண்பதுகளில், பக்கத்து நிலத்துக்காரர்கள் புரோக்கர் நீட்டிய இடத்தில் கைநாட்டு வைத்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள். அவர் மட்டும் சங்கிலியைத் தானே பிடித்து அளந்தார், மூலைக்கல்லைத் தானே நின்று நட்டார். "என்னை ஏமாத்த இனிமேதான் ஒருத்தன் பொறந்து வரணும்" என்பார். அவர் மனைவி செல்லியம்மாளுக்கு அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

அப்படிப்பட்டவரை வேளச்சேரி சாலையில் ஒரு ஜல்லி லாரி தட்டிவிட்டது. இடுப்பில் கம்பி வைத்தார்கள். வலியில் கத்தியவருக்கு நர்சிங் ஹோமில் பெத்தடின் ஊசி போட்டார்கள். நல்ல எண்ணத்தில்தான் போட்டார்கள், நிறுத்தத்தான் மறந்துபோனார்கள். எலும்பு கூடியது, கைத்தடி போனது, ஊசி மட்டும் போகவில்லை. கம்பவுண்டர் வில்பிரட் காலையும் மாலையும் சைக்கிளில் வீட்டுக்கே வந்து போட்டுவிட்டுப் போனான். ஒரு ஆம்பூல் மருந்து இரண்டானது. எங்கே வலிக்கிறது என்று கேட்டால் இடுப்பைக் காட்டுவார். கொஞ்சம் கழித்துக் கேட்டால் தோளைக் காட்டுவார்.

குடிகாரத் தம்பியை அறையில் பூட்டித் திருத்தியவள் செல்லியம்மாள். அதே வைத்தியத்தைப் புருஷனுக்கும் செய்தாள். வில்பிரட்டை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கதவுக்கு வெளியே தாழ் போட்டாள். மறுநாளே ஓயாத கொட்டாவி, மூக்கொழுகல், பிறகு வாந்தியும் பேதியும். உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிய, கால்கள் இரண்டும் அவர் சொல்பேச்சுக் கேட்காமல் உதைத்துக்கொண்டன. ஊரையே அதட்டிய மனிதர் தன் அழுக்கிலேயே கிடந்து, "செல்லி, ஒரே ஒரு ஊசிடி" என்று அவள் காலைப் பிடித்தார். அவளால் பார்க்க முடியவில்லை. அவளே போய் வில்பிரட்டைக் கூட்டிவந்தாள். அன்று தன்மேலேயே அவளுக்கு வந்த வெறுப்பு லேசில் போகவில்லை.

தாம்பரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் போய் அழுதாள். "சட்டுனு நிறுத்தினா உடம்பு இப்படித்தான் பண்ணும்மா. கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும். ஆனா அவர்கிட்ட சொல்லிட்டுச் செய்யுங்க. அவர் ஒத்துக்கிட்டாத்தான் நிக்கும்" என்றார் டாக்டரம்மா.

முதல் பாதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மறுபாதியை பஸ்ஸிலேயே விட்டுவிட்டு வந்தாள். உப்பைக் குறையுங்கள் என்றதற்கே தட்டு பறந்த வீடு அது. அங்கே ஊசியைப் பற்றி யார் பேசுவது? நேராக வில்பிரட்டைத் தெருமுனையிலேயே மடக்கினாள்.

"தம்பி, மருந்தைக் கொஞ்சம் குறைச்சிக்கினு, அந்த அளவுக்குத் தண்ணி சேத்துப் போடு."

"அண்ணாவுக்குத் தெரிஞ்சா என் தோலை உரிச்சிடுவாரு அக்கா."

"தெரிஞ்சாத்தான?"

எல்லையம்மனுக்கும் வேண்டிக்கொண்டாள். அவர் மீண்டால் ஆடியில் ஊருக்கே கூழ் வார்ப்பதாக வேண்டுதல்.

மாதக்கணக்கில் நடந்தது. ஒவ்வொரு முறை குறைக்கும்போதும் அவருக்கு வியர்க்கும், தூக்கம் வராது, எரிந்து விழுவார். "இன்னாடா வில்பிரட், ஊசி சரியா ஏறல போல கீதே?" என்பார். "வெயில் காலம்ணா, அப்படித்தான் இருக்கும்" என்று அவன் ஊசியைப் பார்த்தபடியே சொல்வான். ரொம்பவும் துடித்தால் அந்த அளவிலேயே கொஞ்ச நாள் நிறுத்திவைப்பார்கள். செல்லியம்மாள் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக் கால்களை நீவிவிட்டுக்கொண்டே கண்கொத்திப் பாம்பாக அவரைப் பார்த்திருந்தாள். சித்திரையில் ஊசிக்குள் வெறும் தண்ணீர்தான் இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு அவர் "அப்பாடா" என்று கண்ணை மூடினார்.

சோறு இறங்கியது. கன்னத்தில் சதை வைத்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை நடந்துபோய் நாலு பேரிடம் சண்டை போட்டுவிட்டு வந்தார். அவர் சண்டை போட்டது கேட்டு ஒரு பெண்டாட்டி அடுக்களையில் ஆனந்தக் கண்ணீர் விட்டாள் என்றால் யார் நம்புவார்கள்?

"இப்போ சொல்லிடலாமே அக்கா" என்றான் வில்பிரட்.

"இன்னும் கொஞ்ச நாள் போவட்டும்பா" என்றாள் அவள்.

ஆடி வந்தது. எல்லையம்மன் கோயில் வாசலில் அண்டா அண்டாவாகக் கூழ். பொன்னுரங்கம் சலவை வேட்டியில், முதல் மரியாதைக்கு முன்னால் நின்றார். உடுக்கை ஏற ஏற முனியம்மாவுக்குச் சாமி வந்தது. சாமி நேராகச் செல்லியம்மாளிடம் வந்து தலைமுடியைப் பிடித்தது.

"கூழ் ஊத்துறியே, இன்னாத்துக்குடி? எங்கிட்டயே மறைக்கிறியா? சொல்லு!"

கூலிக்கு ஏரிவேலைக்குப் போகும் முனியம்மா கேட்டிருந்தால் ஏதாவது சொல்லி மழுப்பியிருப்பாள். கேட்டது ஆத்தா. ஆத்தாளிடம் எப்படிப் பொய் சொல்வது? கன்னத்தில் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். குறைத்தது, தண்ணீர் கலந்தது, மூன்று மாதமாக வெறும் தண்ணீர் போட்டது, எல்லாம்.

ஆத்தா மலையேறிவிட்டாள். ஊர் அங்கேயேதான் நின்றது. முதல் மரியாதைக்காக வருஷா வருஷம் மல்லுக்கு நிற்கும் பங்காளி சிட்டிபாபுதான் ஆரம்பித்தான். "இன்னாண்ணா, உன்னை ஏமாத்த ஒருத்தன் பொறக்கணும்னியே, வூட்டுக்குள்ளயே வச்சிக்கினு கீறியே!" கூட்டம் சிரித்தது. சொம்பைக் கையில் வைத்திருந்த பெண்கள்கூடச் சிரித்தார்கள்.

பொன்னுரங்கம் வாங்கிய கூழைக் கீழே வைத்துவிட்டு பஸ் ஏறினார். தாம்பரத்தில் ஒரு குவார்ட்டர் பிராந்தி. பிறகு தன்னைத் தெரியாத வேறொரு கம்பவுண்டரைத் தேடிப்பிடித்து, பழைய அளவே, இரண்டு ஆம்பூல். மாதக்கணக்கில் மருந்தையே மறந்திருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. அதை அவருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பி வந்தார். கண்கள் செருகியிருந்தன.

"இன்னிக்குப் போட்டது தண்ணி இல்லடி" என்று சொல்லிவிட்டுச் சாய்வு நாற்காலியில் விழுந்தார். சற்று நேரத்தில் பெரிதாகக் குறட்டை கேட்டது. தூங்கட்டும், எழுந்ததும் காலில் விழுந்துவிடலாம் என்று அவள் சாதம் வடிக்கப் போனாள். குறட்டை நின்றபோது, கோபம் தணிந்துவிட்டது என்று நினைத்தாள். சாப்பிடக் கூப்பிட்டு, தோளைத் தொட்டபோதுதான் தெரிந்தது.

தண்ணியைப் போட்டே புருஷனைக் கொன்றுவிட்டாள் என்றது ஊர். சிரித்த வாய்கள்தான் அப்படிச் சொன்னதும். கோயிலில் முதல் மரியாதை சிட்டிபாபுவுக்குப் போனது.

கருமாதி முடிந்து வில்பிரட் வந்தான். வாசலிலேயே நின்று அழுதான். "நாம போட்ட தண்ணி யாரையும் கொல்லாது அக்கா. ஊர் பேசறதை விடுங்க."

செல்லியம்மாள் வாசலுக்கு வந்தாள்.

"தண்ணி கொல்லலப்பா. உன்கிட்ட சொன்னேன். டாக்டரம்மாகிட்ட சொன்னேன். ஊரே கேக்க சாமிகிட்ட சொன்னேன். கட்டினவன்கிட்ட மட்டும் சொல்லல."

வில்பிரட் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான்.