கோழியைவிடப் பெரிய பறவை

அவர் கோவையில் துப்பாக்கிக் கடை வைத்திருந்தார். வெள்ளை மீசைக்காரர். எந்தத் தோட்டாவையும் காதருகே ஒருமுறை குலுக்கிப் பார்த்துத்தான் கொடுப்பார். என் கடலைக்காட்டை மயில்கள் கிளறிப்போட்ட ஆத்திரத்தில், பயிர்க்காவல் லைசென்ஸோடு அவரிடம் போனேன்.

“எந்தப் பறவைக்குங்க? காக்காய்க்குப் பொடி ரவைத் தோட்டா போதுமுங்க. பெருசுக்குன்னா வேற நம்பருங்க.”

மயில் என்று சொன்னால் ஜெயில்தான். “கோழியைவிடக் கொஞ்சம் பெருசுங்க” என்றேன்.

“தோகை இருக்குமுங்களா?”

நான் லைசென்ஸை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் தோட்டா டப்பாவை மூடி உள்ளே வைத்தார்.

“அதுக்கு ரவை இல்லீங்க.”

“அப்பறம் நான் என்னதானுங்க பண்றது?” என்று கத்தினேன். அந்தக் கோபத்திலும் ‘ங்க’ மட்டும் விட்டுப்போகவில்லை.

“நானே என் காட்டுல கடலை போடறதை உட்டுப்போட்டேனுங்க” என்றார்.

அவர் முதுகுக்குப் பின்னால் சுவர் நிறையத் துப்பாக்கிகள் மாட்டியிருந்தன.