வத்தலக்குண்டிலிருந்து டீசல் வேன்

பெட்ரோல் வேன்ல டீசல் எஞ்சினை மாட்டினா செலவு பாதியாயிரும்னு எங்க வீட்டுக்காரருக்கு யாரோ ஓதிவிட்டுட்டாங்க. அப்ப வத்தலக்குண்டுல வண்டி வச்சிருந்தவங்க பாதிப் பேருக்கு அந்தக் கிறுக்குதான். அவரும் ஒர்க்ஷாப் மேஸ்திரியும் சேந்து எஞ்சின், பம்பு, குழாய் எல்லாத்தையும் மாத்தினாங்க. பழைய டாங்கை மட்டும் நல்லாத்தானே கெடக்குன்னு விட்டுட்டாங்க. பெரியகுளம் ரோட்டுல ஓட்டிப் பாத்தா பறந்துச்சு. மனுசனுக்குத் தலைகால் புரியல.

அடுத்த வாரமே, கொடைக்கானல்ல எங்கம்மா மவுத்தாயிட்டாங்கன்னு வெள்ளனே தகவல் வந்துச்சு. மத்தியானம் லுஹர் தொழுதுட்டு எடுத்துருவாங்களாம். எங்கள்ல பொம்பளைங்க அடக்கம் பண்ண மையவாடிக்குப் போறதில்ல. வீட்டை விட்டு எடுக்கறதுக்குள்ள மொகத்தைப் பாத்தாத்தான் உண்டு. பஸ்ஸுல போயிருவோம்னு தலைதலையா அடிச்சிக்கிட்டேன். சொந்த வண்டிய வச்சிக்கிட்டு பஸ்ஸா, நாலு பேரு சிரிப்பாங்கன்னாரு. வெளங்குமா?

மலையில மொத ஏத்தத்துலயே வண்டி நின்னுருச்சு. டாங்குல இருந்தது கால்வாசிதான். நெறைய ஊத்துற பழக்கம் அவருக்குக் கெடையாது. வண்டி மூக்கைத் தூக்கினதும் டீசல் பூராவும் பின்னால ஒதுங்கிக்கிச்சு. எஞ்சினுக்குப் போற குழாய் டாங்கோட முன்பக்கம். அது காத்தை இழுத்துருச்சு. பெட்ரோல் எஞ்சினா இருந்தா ரெண்டு குலுக்கு குலுக்கிட்டுப் போயிரும். டீசலுக்குக் காத்து ஆகவே ஆகாது. வண்டியைச் சமமான எடத்துக்கு உருட்டி, திருகாணியைத் தளத்தி, கையால பம்பை அமுக்கி அமுக்கி நுரையை எல்லாம் வடிச்சுட்டுக் கெளப்பினாரு. அடுத்த ஏத்தத்துல திரும்பவும் அதே கதை.

அவர் வேணாம்னு விட்ட பஸ்ஸுகூட எங்களைத் தாண்டிப் போச்சு. கையக் காட்டினேன். வளைவுல எவன் நிறுத்துவான்? வாயில வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். டீசலும் வேர்வையுமா நின்ன மனுசனை அதுக்கு மேல என்ன சொல்றது? எனக்கு அழக்கூட வரல.

கடைசியில அவருக்கே ஒண்ணு தோணுச்சு. வண்டியைத் திருப்பிப் பின்பக்கமாவே ஏத்தினாரு. மூக்கு கீழ இருந்ததால டீசல் குழாய்ப் பக்கமே நின்னுச்சு. ஏத்தமெல்லாம் அப்படியேதான், நத்தை மாதிரி. வாழைத்தார் சொமந்து வந்தவங்க நின்னு பாத்துச் சிரிச்சாங்க. எனக்கு முன்னால விட்டுட்டு வந்த ஊர்தான் தெரிஞ்சுது, அம்மா வீடு முதுகுக்குப் பின்னால.

எனக்காக சாயங்காலம் அசர் தொழுகை வரைக்கும் வச்சிருந்தாங்களாம். பஜார் ஏத்தத்துல ஏறும்போது பின்னாலருந்து கலிமா சொல்ற சத்தம் கேட்டுச்சு. திரும்பறதுக்குள்ள அம்மாவைத் தூக்கிட்டு வந்த சந்தூக் என் சன்னலை ஒட்டிக் கடந்து கீழ எறங்குச்சு. அவர் கைப்பிரேக்கை இழுத்துட்டு ஓடினாரு.

"ஒரு நிமிசம் எறக்குங்க மச்சான். அவ மொகத்தைப் பாத்துக்கட்டும்."

எங்கண்ணன் நிக்கல. "மொகத்தை மூடியாச்சு மாப்ள. தோள் குடுங்க."

அவரும் தோள் குடுத்துக்கிட்டுக் கூட்டத்தோட போயிட்டாரு. வண்டியில நான் மட்டும் இருந்தேன். எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருந்துச்சு. அதை எப்படி நிறுத்தறதுன்னு எனக்குத் தெரியல.