கைதட்டாதவர்கள்

பல்செட்டுக்காரரைப் பேச வைப்பது லேசான காரியமில்லை. பகலெல்லாம் ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில் உட்கார்ந்து மெழுகில் பல் வரிசை கட்டுகிறவர். ஊரார் வாயை எல்லாம் ஒழுங்கு செய்துவிட்டுத் தன் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டார் என்று தம்பி மனைவி கேலி செய்வாள். கட்டியவள் விட்டுப் போன பிறகு தம்பி வீட்டு மாடியறைதான் அவருக்கு. சாப்பாடு, தூக்கம், மறுபடியும் மெழுகு. அந்த ஞாயிற்றுக்கிழமை மழைக்கு ஒதுங்காமல் இருந்திருந்தால், அப்படியே ஒருநாள் போய்ச் சேர்ந்திருப்பார்.

ஒதுங்கிய இடம் ஒரு ஹோட்டலின் சாப்பாட்டுக் கூடம். மூலையில் பியானோ, பக்கத்தில் பாஸ் என்கிற ஆளுயரத் தந்தி வாத்தியம், டிரம்ஸைக் கம்பி பிரஷ்ஷால் தடவி வாசித்துக்கொண்டிருந்த ஒருவர். நடுவில் நாற்பது தாண்டிய ஒரு பெண்மணி ப்ளூஸ் என்கிற மேல்நாட்டுச் சோகப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார். கரகரத்த குரல். தாளம் முன்னால் போக, இவர் அவசரமே இல்லாமல் பின்னால் வந்தார், சேர வேண்டிய இடத்தில் மட்டும் கச்சிதமாகச் சேர்ந்தார். பல்செட்டுக்காரருக்கு ஜாஸும் தெரியாது, ப்ளூஸும் தெரியாது. ஆனால் மனைவி போன அன்றுகூட வராத கண்ணீர் சூப் கிண்ணத்தின் முன்னால் பொலபொலவென்று வந்தது.

அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். வாரம் தவறாமல் போனார். அங்கே இவரைப் போலவே பித்துப் பிடித்த சிலர் ஏற்கெனவே இருந்தார்கள்: ஒரு லிஃப்ட் மெக்கானிக், பள்ளிக்கூடத்து நூலகர் அம்மா, பேக்கரி நடத்தும் அண்ணன் தம்பி. பாட்டு முடிந்ததும் பஸ் நிறுத்தத்தில் நின்று வாய் வலிக்கப் பேசுவார்கள். எந்தச் சொல்லை எங்கே வளைத்தார், எதை வேண்டுமென்றே விழுங்கினார், இவ்வளவு பெரிய பாடகியை இந்த உலகம் ஏன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை என்றெல்லாம். அங்கே மட்டும் பல்செட்டுக்காரருக்கு மடை திறந்துகொள்ளும். ஆனால் அந்தப் பாடகியிடம் போய் ஒருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவ்வளவு பெரிய கலைஞர் முன்னால் போய்ப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பதா என்று கூச்சம். கைதட்டுவார்கள், எழுந்து போய்விடுவார்கள்.

பிறகு அதுவும் நின்றது. ஒரு ஞாயிறு, கடைசி வரி அடங்குவதற்குள் ஒரு புது ஆள் படபடவென்று தட்டிவிட்டார். கண்மூடிப் பாடிக்கொண்டிருந்தவர் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். முகம் கலங்கிப் போயிருந்தது. அதைக் கவனித்தவர் பல்செட்டுக்காரர் ஒருவர்தான். பஸ் நிறுத்தத்தில் தீர்ப்பே சொல்லிவிட்டார்.

"கைதட்டினா அவங்களுக்குக் கலைஞ்சு போகுது. பாட்டு முடிஞ்ச பிறகும் அவங்க அதுக்குள்ளேயேதான் இருக்காங்க. நாம சத்தம் போடக்கூடாது. அதான் மரியாதை."

எல்லோருக்கும் அது சரியென்றே பட்டது. இந்த மாதிரி சரியென்று படுகிற விஷயங்களைத்தான் யாரும் ஒரு வார்த்தை கேட்டுப் பார்ப்பதில்லை. அதன் பிறகு பாட்டு முடிந்தால் அந்தக் கூடத்தில் ஸ்பூன் சத்தம்கூட இருக்காது. புதிதாக வந்தவர் கையைத் தூக்கினால் நூலகர் அம்மா முறைப்பார். ஒருமுறை பக்கத்து மேஜைக்காரரின் கையையே பிடித்து இறக்கினார் பல்செட்டுக்காரர். இப்படியும் ரசிகர்கள் உண்டா என்று அவர்களுக்குள் பெருமை தாங்கவில்லை.

ஒரு வாரம் பாடகி வரவில்லை. அடுத்த வாரமும் இல்லை. அவராகவே நின்றுவிட்டார், இனிமேல் எங்கேயும் பாடப் போவதில்லையாம் என்றார் பியானோக்காரர். வீட்டுக்கு வழியும் சொன்னார். எப்படியாவது திரும்ப அழைத்து வருவது என்று எல்லோருமாகக் கிளம்பினார்கள். மற்றவர்கள் தெருவில் நின்றுகொண்டு, பல்செட்டுக்காரரை மட்டும் மாடிக்கு அனுப்பினார்கள்.

கதவைத் திறந்தவரின் கழுத்தில் அளவு நாடா தொங்கியது. திரைச்சீலை தைத்துக் கொடுப்பவர் போலிருக்கிறது, அறை முழுக்கத் துணி. நாற்காலியிலிருந்த துணிச்சுருளைத் தரையில் வைத்துவிட்டு உட்காரச் சொன்னார்.

"உங்களைத் தெரியும். தூணோரம் உட்காருவீங்க."

பல்செட்டுக்காரருக்கு உச்சி குளிர்ந்தது. "நாங்கல்லாம் உங்க ரசிகருங்க. கீழே நிக்கறாங்க. நீங்க மறுபடி வரணும்."

"ரசிகரா?" அவர் சிரிக்கவில்லை. "ஒருத்தர் கைதட்ட வந்தார். நீங்க அவர் கையைப் பிடிச்சு இறக்கினீங்க. இந்த மனுஷனுக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்னு அன்னைக்கெல்லாம் அதே நினைப்பு."

பல்செட்டுக்காரர் திக்கித் திணறி எல்லாவற்றையும் சொன்னார். கலைந்து போகும் என்று நினைத்ததை, மரியாதையை, பஸ் நிறுத்தத்தை. "முன்னாடி ஒருத்தர் தட்டினப்ப நீங்க திடுக்கிட்டீங்களே…"

"முடியறவரைக்கும் பொறுக்க முடியாம ஒருத்தர் தட்டினாரேன்னு அழுகையே வந்துடுச்சு எனக்கு. அவ்வளவு சந்தோஷம். அதுக்கு அடுத்த வாரத்துலேருந்து ஒருத்தரும் தட்டலை."

"தப்புதாங்க. பெரிய தப்பு. இப்பதான் தெரிஞ்சுடுச்சில்ல, நீங்க வந்து…"

"தெரிஞ்சு என்ன செய்ய?" கோபமில்லாமல்தான் கேட்டார். கோபப்பட்டிருந்தால் தேவலை. "உங்களுக்குப் பிடிக்கலை, பிடிக்கலைன்னு நினைச்சு நினைச்சு எனக்கே என் குரல் பிடிக்காமப் போயிடுச்சு. அடுப்படியிலகூட முணுமுணுக்கறதில்லை. நல்லா இருந்துச்சுன்னு இப்ப நீங்க சொல்றது காதுல விழுது. உள்ளே போக மாட்டேங்குது."

பல்செட்டுக்காரர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"வேலை கெடக்குதுங்க," என்று தையல் மெஷின் முன்னால் போய் உட்கார்ந்தார் பாடகி.

படியிறங்கும்போது பல்செட்டுக்காரருக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. ஊமையாகவே இருந்து தொலைத்திருக்கலாம், வாழ்நாளில் ஒரு தடவை வாய் திறந்து ஒரு யோசனை சொன்னோம், அது ஒரு மனுஷியின் குரலைத் தின்றுவிட்டது என்று தன்னையே நொந்துகொண்டார். கீழே நாலு பேரும் சூழ்ந்துகொண்டார்கள்.

"வர்றாங்களா?"

அந்த முகங்களைப் பார்த்து உண்மையைச் சொல்ல அவருக்குத் தெம்பில்லை. "தொண்டையில ஏதோ கோளாறாம். பாடவே கூடாதுன்னுட்டாராம் டாக்டர்."

லிஃப்ட் மெக்கானிக் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நூலகர் அம்மா மூக்கைச் சிந்திவிட்டு, ஆறுதல் சொல்லும் குரலில் சொன்னார்: "என்ன பண்றது. பாடினவரைக்கும் நாம அவங்க மனசு நோகாம பார்த்துக்கிட்டோம். அந்த நிம்மதியாவது இருக்கே."

"ஆமாம்மா," என்றார் பல்செட்டுக்காரர்.