நெய்யும்போது மட்டும் வந்த கோடுகள்

சரோஜா அம்மாளின் டிவியைப் பார்க்க நான் மூன்று முறை போனேன். மூன்று முறையும் படம் சுத்தமாக இருந்தது. ஃபால்ட் இல்லாத செட்டுக்கு மூன்று விசிட் என்றால் எந்த மெக்கானிக்குக்கும் எரிச்சல் வரும். எனக்கும் வந்தது. அந்த எரிச்சலில் நான் செய்ததை, இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன்.

இயற்பியலில் பட்டம் வாங்கியவன் நான். சென்னையில் ஒரு சர்வீஸ் சென்டரில் பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டு, சின்ன காஞ்சிபுரத்தில் சொந்தமாகக் கடை போட்டேன். பிக்சர் டியூப் காலத்திலிருந்து எல்இடி வரை பார்த்தாயிற்று. மனைவி போன பிறகு செவிலிமேட்டில் தனியாக இருக்கிறேன். போன வருஷம் கடையையும் மூடிவிட்டேன்.

1. மூன்று விசிட்

சரோஜா அம்மாள் பிள்ளையார்பாளையத்தில் இருந்தார். கணவர் இல்லை. ஒரே மகன் முரளிக்குத் தாம்பரத்தில் வேலை. வீட்டின் முன்னறையில் குழித்தறி. காலைக் குழிக்குள் விட்டுத் தரையோடு தரையாக உட்கார்ந்து நெய்ய வேண்டும். எதிர்ச் சுவரில் முப்பத்திரண்டு இன்ச் எல்இடி டிவி, வாங்கிப் பத்து வருஷத்துக்கு மேல் இருக்கும். அவர் நெய்கிற நேரமெல்லாம் அது ஓடும். அதற்கும் மூன்று வருஷத்துக்கு முன் பேக்லைட் போனபோது நான்தான் ஸ்ட்ரிப் மாற்றிக் கொடுத்திருந்தேன்.

"கோடு கோடா வருது சார். ஆளு மூஞ்செல்லாம் கிழிஞ்சி கிழிஞ்சி சேருது."

"இப்ப வரலியேம்மா?"

"நான் நெய்யும்போது வருது. எழுந்து வந்தா போயிடுது."

"டிவி உங்களுக்கு பயப்படுதா?"

அவரும் சிரித்தார். "எம் பையனே பயப்படல. அதுவா பயப்படப் போவுது?"

அன்று ப்ளக்கில் வோல்டேஜ் பார்த்தேன், கேபிள் கனெக்‌ஷன் பார்த்தேன், துடைத்துவிட்டு வந்தேன். இரண்டாவது முறை செட்டைக் கழற்றிக் கடைக்கே எடுத்துப் போனேன். கோடு வந்தால் திறந்து பார்க்கலாம் என்று மூன்று நாள் ஓடவிட்டேன். ஒரு கோடு இல்லை. திரும்பக் கொண்டுபோய் மாட்டினேன். நாலாம் நாள் மறுபடி போன்.

மூன்றாவது முறை போகும்போதே என்னிடம் ஒரு விளக்கம் தயாராக இருந்தது. "நீங்க கீழ உக்காந்து அண்ணாந்து பாக்கறீங்க. பழைய பேனல். ஆங்கிள் மாறினா படம் ஒரு மாதிரிதான் தெரியும். கண்ணுல புரை இருக்குதா பாருங்க."

"புரை எடுத்து ஒரு வருஷம் ஆச்சு சார். இந்தக் கண்ணாலதான் பட்டு இழை ஒண்ணு அறுந்தா எடுத்து முடி போடறேன். நீங்களே குந்திப் பாருங்களேன்."

குழியில் காலை விட்டு உட்கார்ந்து பார்த்தேன். படம் பளிச்சென்று இருந்தது. "எங்கம்மா கோடு?"

"சும்மா குந்தினா வருமா? நெய்யணும். தார்க்குச்சில நூலு தீந்துபோச்சு. வேற சுத்தி, ஓடற நாடாவுல போட்டுக்கினு நெய்றேன், நீங்க பக்கத்துல இருந்து பாருங்க. பத்து நிமிஷம். காபி போடறேன்."

"இன்னும் நாலு வீடு இருக்குதும்மா" என்று பையை எடுத்தேன்.

அன்று எனக்கு வேறு ஒரு வீடும் இல்லை. அந்த வீட்டில் அடுப்புப் பக்கம் ஒரு தட்டு, ஒரு டம்ளர் கழுவிக் கவிழ்த்திருந்தது. என் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். அங்கே உட்கார்ந்து காபி குடிக்க என்னால் முடியவில்லை. அதைச் சொல்ல முடியாமல், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே வேறு ஒன்றைச் சொன்னேன்.

"பேச்சுத் துணைக்கு ஆள் வேணும்னா பையனைக் கூப்புடுங்கம்மா. மெக்கானிக்கைக் கூப்புடாதீங்க."



2. முரளியின் போன்

இரண்டு நாள் கழித்து முரளி கூப்பிட்டான். "அம்மா டிவி டிவின்னு உயிரை வாங்கறாங்க சார். செட்டுல ஃபால்ட் இருக்குதா, இல்லியா? ஒரே வார்த்தைல சொல்லுங்க."

"செட்டுல ஒண்ணும் இல்ல தம்பி. அம்மாவுக்குத்தான் கண்ணோ மனசோ, ஒரு டாக்டர்கிட்ட காட்டிடுங்க."

'மனசோ' என்ற சொல்லை அவன் கேட்கவில்லை. நானாகச் சேர்த்தேன்.

"அதான் சார் நானும் நெனச்சேன். தனியா இருந்து இருந்து இல்லாததெல்லாம் தெரியுது. நீங்க படிச்சவரு, நீங்களே சொல்லிட்டீங்க. இனிமே அங்க விடக்கூடாது."

அந்த மாதமே அழைத்துக்கொண்டு போய்விட்டான். சரோஜா அம்மாள் வர மாட்டேன், பாவு நூல் பாதி நெய்தபடி தறியில் நிற்கிறது என்று சொல்லிப் பார்த்தாராம். பாவு கொடுத்த முதலாளி ஆள் அனுப்பி அறுத்து எடுத்துக்கொண்டார். தறியைப் பிரித்து, குழியை மண் கொட்டி மூடி, வீட்டை வாடகைக்கு விட்டார்கள். "தாம்பரத்துல பெரிய டிவி இருக்குது சார், இதை நீங்களே யாருக்காவது குடுத்துடுங்க" என்று, ஊரைவிட்டுக் கிளம்பிய அன்றே முரளி செட்டை என் கடையில் வைத்துவிட்டுப் போனான். அம்மா ஆட்டோவில் உட்கார்ந்திருந்தார். இறங்கவில்லை. நானும் போய்ப் பேசவில்லை.

3. தசரதன் வீட்டுச் சுவர்

கடையை மூடுவதற்கு முன் அந்த செட்டைத் தசரதனுக்குக் கொடுத்தேன். சரோஜா அம்மாள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, அவரும் மனைவி மல்லிகாவும் நெய்கிறவர்கள். நானே போய்ச் சுவரில் மாட்டி ஆன் செய்தேன். தசரதன் என்னோடு நின்றார். மல்லிகாவுக்கு மறுநாள் சேலை கொடுக்க வேண்டியிருந்ததால் தறியை நிறுத்தவில்லை.

படம் வந்தது. கூடவே கோடுகளும் வந்தன. பச்சையும் சிவப்புமாகக் குறுக்கே ஓடி, செய்தி வாசிக்கிற பெண்ணின் முகத்தைக் கிழித்துக் கிழித்துச் சேர்த்தன.

"இன்னா சார், நல்ல செட்டுன்னு சொன்னீங்க. எம் பொண்டாட்டிக்குத் தாளம் போடுதே?" என்றார் தசரதன்.

தாளம்தான். மல்லிகா குறுக்கே போகிற ஊடை நூலை அடித்து நெருக்கும் ஒவ்வொரு அடிக்கும் ஒரு வெட்டு. "கொஞ்சம் நிறுத்தும்மா" என்றேன். படம் சுத்தமாயிற்று. "நெய்யும்மா." கோடு. "நிறுத்தும்மா." கோடு இல்லை.

"இன்னா சார் வெளையாடறீங்க? எனக்கு சேலை முந்தி முடியணும்" என்றாள் மல்லிகா.

தறியின் அடி தரையில் இறங்கி, சுவரில் ஏறி, செட்டை அதிரவைக்கிறது. நெய்கிற வீட்டில் ஆள் வந்தால் தறியை விட்டு எழுந்து வருவதுதான் மரியாதை. சரோஜா அம்மாள் ஒவ்வொரு முறையும் எனக்காக எழுந்து வந்தார். அதனால்தான் நான் பார்த்தபோதெல்லாம் படம் நன்றாக இருந்தது. என் கடையிலோ தறி கிடையாது.

செட்டை இறக்கிப் பின்மூடியைத் திறந்தேன். மெயின் போர்டிலிருந்து பேனலுக்குப் படத்தைக் கொண்டுபோகிற எல்விடிஎஸ் கேபிளின் கனெக்டர் பாதி வெளியே நின்றது. அதைப் பிடித்து வைக்கிற லாக் ஒரு பக்கம் உடைந்திருந்தது. உடைந்த இடத்தில் சின்னதாக நீல டேப். என் டேப். பேக்லைட் மாற்றியபோது லாக்கை உடைத்தது நான்தான். டேப் ஒட்டிச் சமாளித்ததையும் யாரிடமும் சொல்லாததையும் சுத்தமாக மறந்திருந்தேன். வேறு கேபிள் போட்டு மாட்டினேன். அரை மணி நேர வேலை. மல்லிகா நெய்துகொண்டே இருந்தாள், படம் அசையவில்லை.

4. தாம்பரத்துக்குப் போன்

ஒரு வாரம் தள்ளிப் போட்டேன். பிறகு முரளியின் எண்ணுக்கு அடித்து, அம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன்.

"அம்மா, அந்த டிவியில கோடு இருந்தது. நீங்க சொன்ன மாதிரியே, நெய்யும்போதுதான். தப்பு என் மேலதான். கேபிள் லாக்கை நான்தான் ஒடைச்சிருக்கேன்."

அவர் கேட்டார்: "அப்போ எனக்கு ஒண்ணும் இல்ல?"

"உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா."

"இங்க தெனம் ரெண்டு மாத்திரை குடுக்கறாங்க சார். முழுங்கினா நாளெல்லாம் தூக்கமா வருது. நீங்க இப்ப சொன்னதை எம் பையன்கிட்ட சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டான். இருங்க, தரேன்."

போன் கை மாறியது. "சொல்லுங்க சார், இன்னா விஷயம்?" என்றான் முரளி.

ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். "ஒண்ணும் இல்ல தம்பி. அம்மா எப்படி இருக்காங்கன்னு விசாரிக்கலாம்னுதான்" என்றேன்.

"நல்லா இருக்காங்க சார், தேங்க்ஸ்."

அவன் வைப்பதற்கு முன் பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "சொல்லிட்டாரா?"

"இன்னாம்மா சொல்லணும்?" என்று அவன் கேட்பதும் கேட்டது.

இளையவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். ஃபால்ட் எப்போது வருகிறது என்று கஸ்டமர் சொன்னால், அந்த நிலைமையிலேயே செட்டை ஓடவிட்டு, பக்கத்தில் இருந்து பாருங்கள். அவர் கேட்கிற பத்து நிமிஷத்தைக் கொடுங்கள். தப்பான டயக்னோஸிஸை யார் காதில் சொன்னீர்களோ, அதே காதில் திருத்திச் சொல்லுங்கள்.

நான் இன்னும் சொல்லவில்லை.