ஏழு நிமிடத்தில் இறங்கியிருக்க வேண்டும்

பேய் என்றால் நடுச்சாமத்தில்தான் வரும், சலங்கைச் சத்தத்தோடுதான் வரும் என்று நினைப்பவர்கள் ஜசிந்தனிடம் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். இது போன ஐப்பசியில் பழுகாமத்து வயலில், கண் கூசும் வெயிலில் நடந்தது. நேரம் மதியம் 12.09 முதல் 12.44 வரை. நான் ஒரு நிமிடம்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. ஜசிந்தனுக்கும் கூட்டிச் சொல்ல வராது. கதை கேட்டால் ஸ்பெனர் அளவைச் சொல்லுகிற ஆள் அவன்.

ஜசிந்தன் கல்லடி ஊர்க்காரன். உழவு இயந்திரம் திருத்துவதுதான் தொழில். ஐந்து மாதத்துக்கு முன் அவன் மனைவி சர்மிலா டெங்குக் காய்ச்சலில் போய்விட்டாள். அடக்கத்தன்று அவன் அழவில்லை. மறுநாளே வேலைக்குப் போனான். அன்றிலிருந்து பசி தெரியாது, தூக்கம் கிடையாது, யார் எது சொன்னாலும் "ம்" மட்டும்தான். வீட்டில் எட்டு வயது மகள் இருக்கிறாள். "அப்பா, நேரத்தோட வாங்க" என்று ஒவ்வொரு காலையும் வாசலில் நின்று சொல்லுவாள். அவளுக்கு இனி அவன் ஒருத்தன்தான். அது அவனுக்குத் தெரியும். தெரிந்ததே தவிர நெஞ்சில் தைக்கவில்லை.

அன்றைக்கு அவனைக் கூப்பிட்டவர் பழுகாமத்துக் கதிர்காமத்தம்பி. வந்தாறுமூலைப் பக்கம் மலிவாகக் கிடைத்தது என்று பழைய ஜப்பான் உழவு மெசின் ஒன்றை வாங்கியிருந்தார். சின்ன மெசின், சிவப்புப் பெயின்ட் வெளிறிப்போனது. அந்த வயல் வட்டையில் விதைப்பு முடிக்க இன்னும் மூன்று நாள்தான் தவணை. மெசினோ மக்கர் பண்ணியது.

"தூக்கினா நிக்குதில்ல, தம்பி. வரம்பு கடக்கக்குள்ள மெல்ல மெல்லக் குந்துது" என்றார் அவர்.

குந்துவது பின்னால் பூட்டியிருந்த ரொட்டவேட்டர். மண்ணைக் கொத்திப் புரட்டும் கத்திகள், எப்படியும் இருநூறு கிலோ இரும்பு. அதைத் தூக்கிப் பிடிப்பது ஹைட்ரோலிக் ஒயில். ஒயில் எங்கேயோ கசிந்தால் இரும்பு இறங்கும். இதில் மர்மம் ஒன்றும் இல்லை.

மெசின் வாய்க்கால் ஓரத்து மருத மரத்தடியில் நின்றது. ஜசிந்தன் வேலையைத் தொடங்கினான். ஒயில் அளவு சரி. பில்டரைக் கழற்றிப் பார்த்தான், சுத்தம். 11.18க்கு ரொட்டவேட்டரை முழு உயரத்துக்குத் தூக்கிவிட்டு எஞ்சினை நிறுத்தினான். 11.25க்கு அது தரையைத் தொட்டது. ஏழு நிமிடம்.

ஓட்டுகிறவர் இருக்கும் சீற்றுக்குக் கீழே ஒரு திருகு இருக்கும். அதை இறுக்கினால் ஒயில் இறங்கும் வழி அடைபடும். அடைத்தும் இறங்கினால் பழுது உள்ளே, சிலிண்டரின் ரப்பர் சீலில். இறுக்கினான். 11.31க்கு மறுபடி தூக்கினான். இறங்கத் தொடங்கியது.

எங்கே கசிகிறது என்று பார்க்கப் பின்பக்கமாகக் குனிந்து, கத்திகளுக்குக் கீழே தலையை நீட்டினான்.

இறக்கம் நின்றது.

நான்கு நிமிடம் அவன் அப்படியே குந்தியிருந்து பார்த்தான். ஒரு நூலளவுகூட அசையவில்லை. துணி எடுக்க எழும்பி விலகினான். மறுபடி இறங்கியது. தரையைத் தொட்டபோது 11.42. ஒயில் தடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

"சீல்தான் போயிருக்கு, அண்ணே. களுவாஞ்சிக்குடியில கிடைக்கும். இந்த நம்பரச் சொல்லிக் கேளுங்க."

"நீங்க தனிய இருப்பீங்களா?"

"ஓம். ஏன்?"

"சும்மாதான்" என்று சொல்லிவிட்டு, அவன் முகத்தைப் பாராமல் கதிர்காமத்தம்பி மோட்டார் சைக்கிளை உதைத்தார். நேரம் 11.50.

அவர் வருவதற்குள் ஒயிலை இறக்கிவைக்கலாம் என்று நினைத்தான். இறக்கும் போல்ட் கியர்ப் பெட்டிக்குக் கீழே இருந்தது. ரொட்டவேட்டரைத் தூக்கினால்தான் உள்ளே புகலாம். 12.07க்குத் தூக்கிவிட்டு எஞ்சினை நிறுத்தினான். தூக்கியதற்குக் கீழே முண்டு கொடுக்காமல் புகக் கூடாது. அது தொழில் பழகும் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது. முண்டு வைக்கும் மரக்கட்டை இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தன. அவன் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று நான் கேட்டேன். "மனசில வரல்ல" என்றான்.

12.09. மல்லாந்து படுத்து, தலை முன்னாக, கத்திகளுக்குக் கீழாக உள்ளே சறுக்கினான். போல்ட்டைக் கழற்றினான். ஒயில் கீழே வைத்த பேசினுக்குள் நூல்போல விழுந்தது. இரண்டு நிமிட வேலைதான். ஆனால் மண் குளிர்ச்சியாக இருந்தது. ஐந்து மாதமாக வராத தூக்கம் அங்கே வந்து கண்ணைக் கட்டியது.

தூங்கிவிட்டான்.

கிறீச்...

சீற் ஸ்பிரிங் அமுங்குகிற சத்தம். கண் விழித்தான். போனைப் பார்த்தான். 12.41.

பேசின் நிரம்பியிருந்தது. ஒயில் சொட்டுவது நின்று வெகுநேரம் ஆகியிருக்க வேண்டும். நெஞ்சுக்கு மேலே கத்திகள். சட்டைப் பொத்தானுக்கும் இரும்புக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி.

ஏழு நிமிடத்தில் இறங்கியிருக்க வேண்டும். அவன் உள்ளே புகுந்தே முப்பத்திரண்டு நிமிடம் ஆகியிருந்தது.

பக்கவாட்டில், மிதிதட்டில் ஒரு கால் தெரிந்தது. வெறுங்கால். சேறு காய்ந்து வெடித்திருந்தது. கதிர்காமத்தம்பி வந்துவிட்டார் என்று நினைத்தான்.

"அண்ணே... லீவரத் தொட்டுடாதீங்க."

"தொடமாட்டன்."

கதிர்காமத்தம்பிக்கு அறுபது வயது. புகையிலை போட்டுக் கரகரத்த குரல். இது இளம் குரல்.

போன் அடித்தது. மெல்லக் காதில் வைத்தான்.

"தம்பி, சீல் எடுத்திட்டன். பட்டிருப்புப் பாலத்தடியில நிக்கிறன். வேற ஏதும் வேணுமா?"

ஜசிந்தன் போனை மண்ணில் வைத்தான்.

மேலே மூச்சுச் சத்தம் கேட்டது. பாரம் தூக்கி நிற்கிறவன் விடும் மூச்சு. மிதிதட்டில் அந்தக் கால் நடுங்கியது.

"கெதியா..." என்றது குரல்.

வயிற்றை எக்கினான்.

குதிக்காலை மண்ணில் ஊன்றி உடம்பைக் கால்பக்கமாக இழுத்தான்.

ஒரு சாண்.

இன்னொரு சாண்.

கத்தி நாடியை உரசியது.

தலை வெளியே வந்தது.

தடால்!

இரும்பு விழுந்தது. அவன் நெஞ்சு இருந்த இடத்தில் கத்திகள் நான்கு அங்குலம் இறங்கியிருந்தன.

12.44. சீற்றில் யாரும் இல்லை. ஸ்பிரிங் மட்டும் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது.

ஜசிந்தன் மருத மரத்தில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தான். மகளின் முகம் வந்தது. செத்திருந்தால் இந்நேரம் யார் போய் அவளிடம் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தான். பயம் வந்தது, உயிர்மேல் ஆசை வந்தது, சர்மிலாவின் ஞாபகம் வந்தது. எல்லாம் ஒன்றாக வந்தன. வாய்விட்டு அழுதான்.

கதிர்காமத்தம்பி 1.05க்கு வந்தார். மண்ணில் புதைந்த கத்திகளையும் அவனுடைய மண் அப்பிய சட்டையையும் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் ஜசிந்தனை உலுக்கியது.

"உங்களுக்குத் தெரியும். என்ன?"

அவர் தலை குனிந்தார். "உதயரூபன் எண்ட பொடியன்ட மிசின், தம்பி. போன வருசம் கத்தியில சுத்தின கயிற எடுக்க அவன்ட பொஞ்சாதி கஜானி கீழ பூந்திருக்கா. இவன் சீற்றில இருந்து இறங்கக்குள்ள லீவரத் தட்டிட்டான். அந்தப் புள்ள அதிலயே முடிஞ்சி. ஒன்பதாம் நாள் அவனும் மருந்து குடிச்சிட்டான்."

"தெரிஞ்சும் சொல்லாம விட்டிங்களா?"

"சொன்னா வந்திருப்பீங்களா?"

ஜசிந்தனுக்குக் கோபம் வந்தது. ஆனாலும் பாதியில் விட்டுப்போக அவனால் முடியவில்லை. முண்டு கொடுத்து, சிலிண்டரைத் திறந்தான். சீல் இரண்டு துண்டாகக் கிடந்தது. அதைக் கொண்டு ஒரு வாளியைக்கூடத் தூக்கி நிறுத்தியிருக்க முடியாது. புதியதைப் போட்டு, ஒயிலைத் திரும்ப ஊற்றினான். நாலு மணிக்கு எல்லாம் சரி. தூக்கினால் நின்றது, இறக்கினால் இறங்கியது.

புறப்படும் முன், மெசினை விற்ற அன்னப்பூரணியின் நம்பரைக் கேட்டான். உதயரூபனின் தாய். கேட்டுத் தெரிய எதுவும் இருக்கவில்லை, ஆனாலும் அவரிடம் சொல்லாமல் போகக் கூடாது என்று தோன்றியது. நடந்ததை அப்படியே சொன்னான்.

"அவன் செத்த பிறகும் அந்தச் சீற் சத்தம் முத்தத்தில கேட்டுக்கொண்டே இருந்திச்சி, மகன்" என்றார் அன்னப்பூரணி. "பயத்தில வித்திட்டன். வித்த அண்டைக்கிருந்து ஒண்டும் கேக்கல்ல. எங்க போனானோ எண்டு ஒவ்வொரு நாளும் காது குடுத்துக்கொண்டு இருக்கன்."

பிறகு அவரே கேட்டார்.

"அந்த ஐயா கிட்ட நிக்கிறாரா? அவரிட்டக் குடுங்க. விதைப்பு முடிஞ்சா மிசினத் திருப்பித் தரச்சொல்லிக் கேக்கணும்."

ஜசிந்தன் போனை நீட்டினான். கதிர்காமத்தம்பி கையை நீட்டவில்லை. அவர் ஆளில்லாத சீற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதன் ஸ்பிரிங் மெல்ல அமுங்கிக்கொண்டிருந்தது.