டேப் சுற்றாத ராச்சட்

வலது காதுக்குப் பக்கத்தில் வைத்து மெதுவாகத் திருப்புகிறார் ஷீபா. டிக், டிக், டிக். கண் மூடியிருக்கிறது. உத்திரமேரூர் பஜாரில் வேதகிரியின் ஹார்டுவேர் கடைக்குப் பெயிண்டு வாங்க வந்தவர், ஆணி வாங்க வந்தவர், சும்மா நிழலுக்கு ஒதுங்கியவர் எல்லாரும் அவரையே பார்க்கிறார்கள். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் வேதகிரிக்குப் பொறுமை போய்விட்டது.

“யம்மா, அது இன்னா கைக்கடியாரமா? காதுல வச்சி கேட்டுக்கினு கீறே?”

“சும்மா இருண்ணா. பேசிக்கினு கீது, கேக்கவுடு.”

பேசுவது ராச்சட். போல்ட்டைக் கழற்றவும் முடுக்கவும் ஆகும் கைக்கருவி. சாதா ஸ்பானரை ஒவ்வொரு சுற்றுக்கும் எடுத்து எடுத்து மாட்ட வேண்டும். ராச்சட்டை ஒரு தடவை மாட்டிவிட்டால், கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டினாலே போல்ட் ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகும். கைப்பிடி திரும்பி வரும்போது கேட்பதுதான் அந்த டிக் டிக். உள்ளே பல் பொடிசாக இருந்தால் கொஞ்சம் ஆட்டினாலே பிடிக்கும். பல் பெரிதாக இருந்தால் வீசி ஆட்ட வேண்டும். இதெல்லாம் எனக்கெதற்கு என்று இருந்தவன் நான். ஷீபாவிடம் ரெண்டு நாள் வாய் கொடுத்தால் உங்களுக்கும் தெரிந்துவிடும்.

ஷீபா நெல் அறுக்கும் மிஷினுக்கு மெக்கானிக். உத்திரமேரூரைச் சுற்றி எந்தக் கழனியில் மிஷின் நின்றாலும் அவருக்குத்தான் போன் போகும். மிஷினின் வயிற்றுக்குள் தோள் வரை கையை விட்டுச் செய்கிற வேலை. “கைய உள்ள வுடலாம் சார், கண்ண வுட முடியாதே. போல்ட்டு ஏறுதா, சும்மா சுத்துதான்னு காது தான் சொல்லணும்” என்பார். அதனால் சத்தம் கம்மியான ராச்சட், விலை எவ்வளவு உசத்தியாக இருந்தாலும், அவருக்கு ஊமை.

சத்தம் தேறினால் மட்டும் போதாது. அடுத்து கைப்பையிலிருந்து ஒரு தைல டப்பா வெளியே வரும். அதில் இருப்பது தைலமில்லை, கிரீஸ். ஒரு விரல் எடுத்து உள்ளங்கை முழுக்கப் பூசிக்கொண்டு, அந்தக் கையால் புது ராச்சட்டை இறுக்கிப் பிடிப்பார். வேதகிரி கத்துவார். “அய்யய்யோ, புது சரக்கும்மா!” ஷீபா அசைய மாட்டார். “வேல செய்யசொல்லோ என் கை இப்பிடித்தான் இருக்கும். வயுக்கிச்சின்னா உன்கிட்டயே வச்சிக்கோ.”

இவ்வளவும் தாண்டி வீட்டுக்கு வந்த ராச்சட்டும் உடனே சொந்தமாகிவிடாது. ஒரு போகம் முழுக்கக் கூட வைத்து வேலை வாங்கிப் பார்ப்பார். பிடித்துப்போனால் கைப்பிடியில் சிவப்பு டேப் சுற்றுவார். வைக்கோலில் விழுந்தாலும் சேற்றில் விழுந்தாலும் சிவப்பு கண்ணில் படும் என்பது ஒரு காரணம். இன்னொன்றை அவரே சொன்னார். “டேப்பு சுத்திட்டா அது நம்புள்து சார். அப்பால கோச்சிக்கக்கூடாது. அதான் சுத்தறதுக்கு முன்னாடியே நல்லா பாத்துக்கணும்.” கல்யாணத்துக்கும் இப்படித்தான் பார்த்தீர்களா என்று கேட்டேன். “அங்க எங்க சார் டைம் குடுத்தாங்க!” என்று சிரித்தார். கணவர் வசந்த்குமார் லாரி ஓட்டுகிறார், நல்ல மனுஷன்தான்.

வயது நாற்பதை நெருங்குகிறது. சுடிதாருக்கு மேல் கணவரின் பழைய முழுக்கைச் சட்டை. அம்மாவும் அப்பாவும் ஊரார் கழனிகளில் நாற்று நட்டுக் களை பறித்தவர்கள். ஷீபா கழனிக்குப் போகாமல் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனிக்குப் போனார். பகலெல்லாம் போல்ட் முடுக்குகிற வேலை. காண்ட்ராக்ட் முடிந்து அனுப்பியபோது கையில் மிஞ்சியது அந்த முடுக்கும் பழக்கம்தான். வாலாஜாபாத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்து மிஷின் வேலை கற்றுக்கொண்டு, கடைசியில் எந்தக் கழனியை விட்டுப் போனாரோ அங்கேயே டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வந்து இறங்கினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் போன் எடுக்க மாட்டார். ஜெபம் முடிந்து வெளியே வந்ததும் எல்லாரையும் திரும்பக் கூப்பிட்டுத் திட்டுவார்.

மிஷினையும் திட்டுவார். “தின்னசொல்லோ நல்லா தின்ன இல்ல? இப்ப இன்னா மூஞ்ச தூக்கிக்கினு நிக்கிறே?” என்று அதன் தகரத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் முதல் போல்ட்டில் கை வைப்பார். வேலை முடிகிறவரை டீ கூடக் குடிக்க மாட்டார்.

சாமான்களைப் பரப்ப அவரிடம் ஒரு ஃபிளெக்ஸ் பேனர் துண்டு உண்டு. யாரோ முகம் தெரியாத ஜோடியின் கல்யாண பேனர். ஒவ்வொரு சாமானுக்கும் அதில் ஓர் இடம். ஸ்பானர்கள் பொண்ணின் மாலை மேல். சுத்தியல் “வாருங்கள்” மேல். ராச்சட் மாப்பிள்ளையின் மீசை மேல். வேலை முடிந்தால் மீசை மறைந்திருக்க வேண்டும். “மீச தெரிஞ்சா வேல முடியலன்னு அர்த்தம்” என்பார். நான் இதை வேடிக்கை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். போன ஆவணியில் அந்த மீசையை என் கழனியிலேயே பார்த்தேன்.

சொர்ணவாரி போகத்து நெல், ஒரு வாரமாகக் காற்றில் பாதி சாய்ந்து கிடந்தது. இன்னொரு மழை வாங்கினால் கதிரிலேயே முளை விட்டுவிடும், அப்புறம் மாட்டுக்குத்தான் ஆகும். அலையாய் அலைந்து, ரப்பர் பட்டையில் ஊர்கிற மிஷின் ஒன்றைப் பிடித்திருந்தேன். டிரைவர் கோகுல்ராஜ், வாலாஜாபாத் பையன். எனக்கு அடுத்து பக்கத்துக் கழனி கன்னியப்பனுக்கு முறை. பாதிக் கழனி அறுத்ததும் உள்ளே கடகடவென்று ஒரு சத்தம், மிஷின் நின்றுவிட்டது. மத்தியானம் மூன்று மணி. ஏரிப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டிருந்தது.

ஷீபா வந்தார், தகரத்தைத் தட்டினார், திட்டினார், ஃபிளெக்ஸை விரித்தார். நெல்லை அடித்து உதிர்க்கிற டிரம்மின் மூடியைத் திறந்து சிக்கியிருந்த வைக்கோலை வாரி வெளியே போட்டார். உள்ளே ஒரு போல்ட் முறிந்திருந்தது. டேப் சுற்றிய பழைய ராச்சட் அந்தச் சந்தில் திரும்பவில்லை, அதற்குப் பெரிய பல். அதைப் பைக்குள் வைத்துவிட்டு, அந்த வாரம்தான் வாங்கிய பொடிப்பல் ராச்சட்டை மீசை மேலிருந்து எடுத்தார். உள்ளே நெருக்கமாக டிக்டிக்டிக் என்று கேட்டது. “நல்லா பேசுது சார் இது” என்றார், கை உள்ளேயே இருக்க. புது போல்ட் ஏறியது. பழைய ராச்சட்டை மறுபடி எடுத்து மூடியைப் போட்டு முடுக்கினார். கோகுல்ராஜ் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். எனக்கு உயிர் வந்தது.

ஃபிளெக்ஸை மடிக்கக் குனிந்த ஷீபா அப்படியே நின்றார். மாப்பிள்ளை மீசையோடு எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

“டேய், கை வைக்காத!” ஒரே தாவாகத் தாவி ஏறிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

பையை உதறினோம். வண்டிப் பெட்டியைப் பார்த்தோம். வைக்கோலைப் புரட்டினோம். பட்டைக்கு அடியில் குனிந்தும் பார்த்தோம், சேறுதான் தெரிந்தது. காற்று குளிர்ந்துவிட்டது. கன்னியப்பனுக்குத் தாங்கவில்லை.

“இன்னாம்மா பேஜார் இது? மய வந்துக்கினு கீது. ஒரு ராச்சட்டு தானே? நாளைக்கே நான் புச்சா வாங்கித் தரேன். சாவிய குடு!”

“ராச்சட்டு போனா போவுது நைனா. அது உள்ள கீதா வெளிய கீதான்னு தெரியணுமா இல்லியா? டிரம்மு சுத்துற வேகத்துக்கு இரும்பு மாட்டிச்சின்னா தகரத்த கியிச்சிக்கினு வரும். இவன் முதுகு அதுக்கு நேரா தான் கீது.”

கோகுல்ராஜ் சீட்டிலிருந்து மெதுவாக இறங்கினான். “டேப்பு சுத்தியிருந்தா இந்நேரம் தெரிஞ்சிருக்கும்க்கா” என்றான்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சாய்ந்த நெல்லைப் பார்க்கிறேன், வானத்தைப் பார்க்கிறேன், இந்த அம்மாள் கையில் சாவி. “மூடியைப் போடுவதற்கு முன்னால் பார்த்திருக்கக் கூடாதா?” என்று கத்தியே விட்டேன். “பாத்திருக்கணும் சார்” என்றார். சொல்லிக்கொண்டே மூடியின் முதல் போல்ட்டைக் கழற்றத் தொடங்கியிருந்தார், பழைய ராச்சட்டால்.

மறுபடி திறந்தாயிற்று. போன் வெளிச்சத்தை உள்ளே பிடித்தேன். டிரம்மைக் கையாலேயே ஒரு சுற்று சுற்றி, தகரத்தில் காதை ஒட்டிக் கேட்டார். கீழே சல்லடைக்குள் கையை விட்டுத் துழாவினார். வெளியே வந்த கையில் முழங்கை வரை ரத்தக் கீறல். ஒன்றுமில்லை. சல்லடைக்கு அந்தப் பக்கம் மட்டும், கை எட்டாத ஒரு மூலை மிச்சம். அதைப் பார்க்க மிஷினை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோய்ப் பிரிக்க வேண்டும். ஏரிக்கரைக்கு மேலே மின்னியது.

ஷீபா வரப்பில் குந்தி உட்கார்ந்து சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நிலைமை எனக்குப் புரிந்தது. நெல் நனைந்தாலும் பொம்பளை கை வைத்து நனைந்தது என்பார்கள், மிஷின் உடைந்தாலும் பொம்பளை கை வைத்து உடைந்தது என்பார்கள். அப்புறம் இந்தப் பக்கம் ஒருத்தனும் அவருக்குப் போன் போட மாட்டான். எழுந்து போய் கோகுல்ராஜிடம் சாவியை நீட்டினார்.

அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். “நான் ஏற மாட்டேன்க்கா. வூட்ல கைக்கொயந்த கீது.”

“தெரியும்டா. நீ ஏறி மெதுவா போடு. மெதுவா சுத்தசொல்லோ இருந்தா சத்தம் தான் வரும், ஒன்னியும் பறக்காது. நான் இங்க நிக்கிறேன்.” டிரம்மை ஒட்டி, அவன் முதுகுக்கும் தகரத்துக்கும் நடுவிலிருந்த படியைக் காட்டினார். “உள்ள எதனா தட்டிச்சின்னா மொதல்ல எனக்குத்தான் கேக்கும். கைய தூக்குவேன், நிறுத்திடு. பறந்து வந்தாலும் என்ன தாண்டித்தான் உன்கிட்ட வரணும்.”

“வேணாம்மா!” என்றேன். உண்மையிலேயே பயந்துவிட்டேன். “நெல் போனால் போகட்டும். ஏறாதே.”

“இத்த அப்பவே சொல்லியிருந்தா நான் ஒரு டீயாவது குடிச்சிருப்பேன். தள்ளிப் போய் நில்லு சார்.”

மூடியைப் போட்டு முடுக்கினார். படியில் ஏறி நின்று தகரத்தில் உள்ளங்கையை வைத்தார், அதற்குப் பக்கத்தில் காதை வைத்தார். வேதகிரி கடையில் மூடுகிற மாதிரியே கண்ணை மூடிக்கொண்டார்.

“போடு.”

இஞ்சின் உறுமியது. கோகுல்ராஜ் தோளைக் குறுக்கிக்கொண்டு லீவரைத் தள்ளினான். டிரம் சுற்றத் தொடங்கியது. நானும் கன்னியப்பனும் வரப்பில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஷீபாவின் கை உயரவில்லை. “இன்னும்” என்று விரலால் காட்டினார். வேகம் ஏறியது. தகரம் அதிர, கன்னமும் அதிர்ந்தது. “இன்னும்.” முழு வேகம். கை அப்படியே இருந்தது.

அவர் தலையை ஆட்டியதும் மிஷின் நகர்ந்து சாய்ந்த நெல்லுக்குள் நுழைந்தது.

“தோ! தோ கீது பாரு!” என்று கத்தினார் கன்னியப்பன். மிஷின் நின்றிருந்த இடத்தில் பட்டையின் தடம் பதிந்து, பிதுங்கிய சேற்றில் ஒரு வெள்ளைப் பளபளப்பு. மூடியை முடுக்கும்போது புது ராச்சட்டைப் பட்டைக்கு மேலே வைத்திருக்கிறார், அது உள்பக்கம் சரிந்து சேற்றில் செருகிக்கொண்டது. கன்னியப்பன் பிடுங்கியெடுத்துத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார். ஷீபா பார்த்தார். ஆனால் இறங்கவில்லை. மிஷின் அந்த முனைக்குப் போய்த் திரும்பி வருகிறவரை தகரத்திலிருந்து கையை எடுக்கவே இல்லை.

கடைசி வரிசை அறுக்கும்போதுதான் தூறல் விழுந்தது. நெல் தப்பியது. தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு நான் வந்து பார்த்தபோது, ஷீபா வாய்க்கால் ஓரம் உட்கார்ந்து ராச்சட்டை அலசிக்கொண்டிருந்தார். கொஞ்சம் டீசலை ஊற்றி உதறினார். காதோரம் வைத்துத் திருப்பினார். முதலில் மண் நறநறத்தது. இன்னும் கொஞ்சம் டீசல். டிக், டிக், டிக். பெட்டியைத் திறந்து சிவப்பு டேப் சுருளை எடுத்தார்.

“இன்னாம்மா, ஒரு போகம் ஆவுலியே?” என்றார் கன்னியப்பன்.

ஷீபா சுருளைத் திருப்பித் திருப்பி டேப்பின் நுனியை நகத்தால் தேடிக்கொண்டிருந்தார். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. டீசல் பட்ட நகம் வழுக்கிக்கொண்டே இருந்தது. நுனி அகப்படவில்லை.